கால் சுற்று

சோப்புத் தண்ணீரில் சோப்பு அதிகமாகிவிடக் கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு மூடி என்றால் தண்ணீர் ஏழு மூடி. சோப்பு கூடினால் அது தானாகவே நுரைக்கும். வாயு கசிகிற இணைப்பு எது, கசியாதது எது என்று தெரியாமல் போகும். இன்று மதியம் நீங்கள் அனுப்பிய ஆள் வாளி நிறைய நுரையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகப் பூசிக்கொண்டிருந்தார், ஐயா. அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால் நல்லது.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எழுதுகிறேன். நாற்பத்திரண்டு வயதில் படித்த எழுத்து, மெதுவாகத்தான் வரும்.

எங்கள் முதலாளி வீட்டு வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர். ஒரு பெரிய வேனுக்குள் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு உட்காரக்கூடிய ஒரு கழிப்பறை, இவ்வளவும் இருக்கும். குடும்பங்கள் விடுமுறைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். திரும்பி வரும் வண்டியைக் கழுவுவது என் வேலை. பத்தொன்பது வருடமாகக் கழுவுகிறேன். உட்கார எனக்கு இருந்தது கவிழ்த்துப் போட்ட ஒரு வாளி. அதனால் எல்லோரும் என்னை வாளி என்றே கூப்பிட்டார்கள். என் மனைவியின் தம்பி ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க வந்தபோது இது அவன் காதில் விழுந்துவிட்டது. அன்று முதல் வீட்டிலும் நான் 'வாளி அத்தான்'. அத்தான் என்பதில் மரியாதை இருக்கிறதே, பிறகென்ன கோபம் என்று கேட்பான்.

வண்டி ஒவ்வொன்றிலும் அடுப்புக்குக் கீழே ஓர் அலமாரி, அதற்குள் எரிவாயு சிலிண்டர். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் இறங்கிப் படுத்துக்கொள்ளும். அதற்காகவே அலமாரித் தரையில் ஓர் ஓட்டை வைத்திருக்கிறார்கள், அந்த வழியாக வெளியே இறங்கிப் போகட்டும் என்று. அழுகிய முட்டை நாற்றத்தையும் கலந்து அனுப்புகிறார்கள். இவ்வளவு இருந்தும், வண்டி கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் தூரிகையால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்துவிட வேண்டும். வாளி என்னிடம்தான் இருந்தது என்பதால் அந்த வேலையும் என்னிடமே வந்தது.

முதல் கசிவு உண்மையான கசிவு. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டிருந்தது. சோப்பைப் பூசினேன், தவளைத் தொண்டை மாதிரி ஒரு குமிழ் எழும்பியது. வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகளை நானே தூக்கி இறக்கினேன். அவர்கள் அப்பா என் ஈரக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அம்மா அழுதார். முதலாளி அலுவலகத்திலிருந்து கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றை எடுத்துவரச் செய்து, "இனிமே நீ இதுல உட்காரு" என்றார். சாயங்காலம் மச்சினன் வெறும் 'அத்தான்' என்று கூப்பிட்டான். என் மனைவி, நான் உட்கார்ந்த பிறகே தட்டுகளை எடுத்து வைத்தாள். என் முழங்காலில் அன்று வலியே இல்லை, ஐயா. ஒரு மருத்துவர் இதை ஆராய வேண்டும்.

அதன் பிறகு நான்கு மாதம் எதுவும் கசியவில்லை. முதலாளி குழாய்களையெல்லாம் புதிதாக மாற்றிவிட்டார். பொறுப்பில்லாதவர் என்று சொல்ல முடியாது. நாற்காலியின் மேல் முதலில் கோப்புகள் வந்தன. பிறகு சாவி கொடுக்கும் அக்காவின் மழைக்கோட்டு. பிறகு அவர்களுடைய பூனை. பூனையை எழுப்பிவிட்டு உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் வாளிக்கே திரும்பினேன். வீட்டில் மச்சினன், "என்ன வாளி அத்தான், இன்னைக்கு எத்தனை பேரைக் காப்பாத்துனீங்க?" என்று கேட்டான். என் மனைவி சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குகிற முகம் எப்படி இருக்கும் என்பது இருபது வருடம் கூட வாழ்ந்தவனுக்குத் தெரியும்.

அப்போதுதான் நான் யோசித்தேன். கசிவு எப்படியும் ஒரு நாள் வரத்தான் போகிறது. நான் லீவில் இருக்கும் நாளில் வந்தால் என்ன ஆகும்? யாராவது சாக வேண்டியதுதான். அதைவிட, நான் இருக்கும்போதே, நான் பார்க்கும்போதே, எனக்குத் தெரிந்த இடத்திலேயே அது வந்துவிட்டால் எவ்வளவு பாதுகாப்பு.

சிலிண்டர் கழுத்தில் உள்ள நட்டுக்கு மரை தலைகீழ். மற்ற நட்டுகள் இறுகும் பக்கம் திருப்பினால் இது தளரும். தொழில் தெரியாதவன் கைவைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நான் கால் சுற்று தளர்த்தினேன். அரைச் சுற்று என்றால் உஸ்ஸென்று சத்தம் கேட்கும். அது வாடிக்கையாளர்களைப் பயமுறுத்தும். கால் சுற்று போதும். பிறகு வண்டி வாசலுக்கு வரும்போது கையை உயர்த்தி நிறுத்துவேன். மூக்கைச் சுருக்குவேன். "எல்லாரும் கொஞ்சம் இறங்குங்க" என்பேன். அவ்வளவுதான்.

எந்த வண்டி என்பதை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் தேர்ந்தெடுத்தேன். ஒரு முறை தனியாக வந்த ஒரு மனிதரைக் காப்பாற்றினேன். "அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு வேறு வண்டி கேட்டார். இன்னொரு முறை புதிதாகக் கல்யாணமான ஜோடி. அவர்கள் ஒருவரையொருவர்தான் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. பிள்ளைகள் உள்ள குடும்பங்கள்தான் உருப்படியாக நன்றி சொல்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. கைக்குழந்தை இருந்தால் இன்னும் விசேஷம். ஆகவே பிள்ளைகள் போகிற வண்டிகளை மட்டும் பார்த்துக்கொண்டேன். பிள்ளைகளிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு என்று சாவி அக்காகூடச் சொல்வார்கள்.

நடுவில் முதலாளி ஒரு காரியம் செய்தார். வண்டிக்கு ஒன்று என்று எச்சரிக்கைப் பெட்டி வாங்கித் தரையோரமாகப் பொருத்தினார். வாயு வந்தால் அது கத்தும். முதல் வாரமே அது கத்தி, நான் வைத்த ஒரு கசிவைக் கண்டுபிடித்துவிட்டது. அந்தக் குடும்பம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது. பத்தொன்பது வருடம் வேலை பார்த்த நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னை அவர்கள் படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பெட்டிக்கு விவேகம் கிடையாது, ஐயா. தலைக்கு அடிக்கும் வாசனைத் தெளிப்பானுக்கும் கத்தும். ஒரு நாள் முதலாளியின் நாய் அதை ஒட்டிப் படுத்துத் தூங்கியது. சற்று நேரத்தில் பெட்டி அலறி, முதலாளி வாடிக்கையாளரைத் தள்ளிக்கொண்டு ஓடினார். நாய் மட்டும் அசையவில்லை. வாயுவெல்லாம் அதனுடையதுதான். இப்படி ஒரு பொருளை நம்பி மனித உயிரை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கால் சுற்று வைக்கும் வண்டிகளில் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிடுவேன். கண்டுபிடித்த பிறகு மறுபடி செருகிவிடுவேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பவன் நான்.

இப்படியாக ஒரு வருடத்தில் பதினொரு கசிவு. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. இவனுக்கு இருப்பது மூக்கே இல்லை, வேறு ஏதோ என்று எல்லோரிடமும் சொன்னார். என்னைப் பாதுகாப்பு மேற்பார்வையாளராக ஆக்குவதாகவும், கதவில் பலகை மாட்டிய ஓர் அறை தருவதாகவும், இனி கழுவும் வேலையே இல்லை என்றும் சொன்னார். அதை இன்று காலை பத்து மணிக்கு எல்லோர் முன்னாலும் அறிவிப்பதாக ஏற்பாடு. பரிசாக ஒரு வண்டியையும் மூன்று நாளைக்குக் கொடுத்தார். என் மனைவி, மச்சினன், அவன் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் இன்று காலை கிளம்புவது. நான் நாளை பேருந்தில் போய்ச் சேர்ந்துகொள்வது.

அந்த வண்டியிலும் நான் கால் சுற்று வைத்தேன்.

கோபத்தில் அல்ல. எத்தனையோ குடும்பம் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறது. என் சொந்தக் குடும்பம் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. மச்சினனை அவன் அக்கா கண் முன்னால், அவன் பிள்ளைகள் கண் முன்னால் ஒரு முறை காப்பாற்றிவிட்டால் அந்த வாளி ஒழியும் என்று நினைத்தேன். ஒன்பதரைக்கு அவர்கள் வாசலுக்கு வருவார்கள், நான் கையை உயர்த்துவேன், பத்து மணிக்குக் கூட்டம். எல்லாம் கச்சிதமாக இருந்தது.

முதலாளி கூட்டத்தை ஒன்பதேகாலுக்கே ஆரம்பித்துவிட்டார். அவருக்கு வேறு எங்கோ போக வேண்டியிருந்ததாம். முன்வரிசையில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அவர் ஒவ்வொரு கசிவாக விவரித்துக்கொண்டு வந்தார். ஐந்தாவது கசிவில் இருந்தபோது அவர் தலைக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் வண்டி தெரிந்தது. வாசலைத் தாண்டிப் போனது. என் மனைவி கையாட்டினாள்.

எழுந்து ஓடியிருக்கலாமே என்றீர்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து போவது மரியாதை ஆகாது. அது மட்டுமல்ல, அடுத்து ஆறாவது கசிவு. இரட்டைக் குழந்தைகள். அதுதான் இருப்பதிலேயே சிறந்தது.

பிறகு கைதட்டினார்கள். தேநீர் கொடுத்தார்கள். பலகையைக் காட்டினார்கள், அதில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை. படம் எடுத்தார்கள். பதினொன்றே காலுக்கு நான் மனைவியைக் கைபேசியில் கூப்பிட்டேன். அந்த நேரம் அவர்கள் ஏரிக்கரையில் ஒரு சண்டையில் இருந்திருக்கிறார்கள், யாரும் எடுக்கவில்லை.

சண்டை என்னவென்று மருத்துவமனையில் என் மனைவி சொன்னாள். வழியில் அலமாரி ஓட்டை வழியாகப் புழுதி வருகிறது என்று மச்சினன் தன் காலுறை இரண்டையும் கழற்றி அதில் அடைத்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் நாற்றம். எல்லோரும் காலுறைதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் அவன் மனைவி அதைப் பிடுங்கி எறியச் சொல்லியிருக்கிறாள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்றம் தன் காலுறையில் இல்லை, சிலிண்டரில் என்று நிரூபிக்க ஒரு ஸ்பேனரை எடுத்து, உலகத்தில் உள்ள மற்ற நட்டுகளை இறுக்குவது போல அந்த நட்டை இறுக்கியிருக்கிறான். மூன்று சுற்று. நாற்றம் பத்து மடங்கானது. "நீ கைய வச்சா எதுதாண்டா வெளங்கியிருக்கு" என்று என் மனைவி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். அவன் ஸ்பேனரை வீசிவிட்டு, வெறுங்காலோடு கரையோரமாக நடையைக் கட்டிவிட்டான். சமாதானம் செய்து கூட்டிவர எல்லோரும் பின்னாலேயே போனார்கள், பிள்ளைகள் உட்பட. அவர்கள் கெஞ்சிக்கொண்டிருந்தபோது குளிர்பெட்டி தானாக ஒரு பொறி விட்டது. கூரை ஏரியில் போய் விழுந்தது. மச்சினனுக்குப் புருவம் மட்டும் போயிற்று. அவன்தான் கோபத்தில் முதலில் திரும்பிப் பார்த்தவன்.

ஆகவே, ஐயா, நீதியாகக் கணக்குப் பாருங்கள். ஓட்டையை அடைத்தது அவன். மூன்று சுற்று திருப்பியது அவன். என்னுடையது வெறும் கால் சுற்று. இதை மனைவியிடமும் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "கால் சுத்தோ முழுச் சுத்தோ, அந்த வண்டிக்குள்ள நான் இருந்தேன்ல?" என்றாள்.

"ஒன்னைக் காப்பாத்தத்தானே" என்றேன்.

"இத்தனை வருசத்துல ஒரு நாளாச்சும் காப்பாத்துங்கன்னு கேட்டேனா? கூட உட்காந்து சாப்பிடுங்கன்னுதானே கேட்டேன்."

மச்சினன் கட்டிலில் கட்டுப் போட்ட நெற்றியோடு படுத்திருந்தான். எச்சரிக்கைப் பெட்டியின் ஒயர் பிடுங்கிக் கிடந்ததை உங்களுக்குக் காட்டிக் கொடுத்தது அவன்தான். என்னை வாளி என்றும் சொல்லவில்லை, அத்தான் என்றும் சொல்லவில்லை. உடம்பு சரியாகட்டும், பேசுவான்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். இன்று வெளியே போன வண்டிகளில் வேறு எதிலாவது கைவைத்தாயா என்று. பொய் சொல்லிப் பழக்கமில்லை. வைத்தேன். காலையில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று இன்னொரு வண்டியிலும் கால் சுற்று. நான் கூட்டத்தில் இருந்தபோது அதுவும் கிளம்பிவிட்டது. கணவன், மனைவி, மூன்று பெண் குழந்தைகள், கடைசியானது தவழ்கிற வயது. தரையில்தான் இருக்கும். சேருமிடம் போய் ஆறு மணிக்கு அடுப்பு மூட்டுவோம் என்று அந்த அம்மா சாவி அக்காவிடம் சொன்னதைக் கேட்டேன். இப்போது மணி ஐந்தே கால்.

வண்டி எண்ணை மட்டும் எழுது, கைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறோம் என்கிறீர்கள். எண் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது முறையில்லை, ஐயா. உங்கள் ஜீப்பில் என்னை ஏற்றுங்கள், சோப்புத் தண்ணீரை நானே கலந்து எடுத்துக்கொள்கிறேன், வழி நான் சொல்கிறேன். கைபேசியில் யாரோ சொல்லி இறங்கினால், தங்களைக் காப்பாற்றியது யார் என்று அந்தக் குழந்தைகளுக்கு எப்படித் தெரியும்?