எழுபதுக்குக் குறையாமல்

பெரணிச் செடி வளர்ப்பது பார்ப்பதற்குத்தான் எளிது. வெயில் நேராகப் படக்கூடாது, காற்று அடிக்கக்கூடாது, மண் காயக்கூடாது, அதற்காகத் தண்ணீர் தேங்கவும் கூடாது. முப்பத்து நான்கு வருடம் வானிலை நிலையத்தில் காற்றின் ஈரத்தை அளந்து எழுதியவன் நான். எனக்கே அது தண்ணி காட்டியது.

முதல் செடி பத்து நாளில் நுனி கருகியது. இரண்டாவது ஒரு மாதம் தாக்குப்பிடித்தது. நர்சரிக்காரர் சிரித்தார்.

"ஐயா, இது மாப்பிள்ளை மாதிரி. என்ன செஞ்சாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம்தான் என் மகள் ஒரே பெட்டியோடு, கணவனை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

எங்கள் குடும்பத்தில் வாழப்போன பெண் யாரும் திரும்பி வந்ததில்லை. கேட்டவர்களிடம், மாப்பிள்ளையோடு வெளிநாடு போயிருக்கிறாள் என்றேன். வெளியூரில் வேலை பார்க்கும் என் மகனிடமும் அதையே சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா? பின்பக்க அறையை அவளுக்குக் கொடுத்தேன். குளியலறையோடு சேர்ந்த அறை. மூன்றாவது செடிக்கும் அதுதான் தோதாக இருந்தது. ஜன்னல்களை ஆணி அடித்து மூடி, இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினேன். தட்டில் கூழாங்கல் பரப்பி, நீர் ஊற்றி, தொட்டியை அதன்மேல் வைத்தேன். பனிபோல ஈரம் கக்கும் மெஷின் ஒன்றும் வாங்கினேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதற்குப் பின்னால், காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரமானியைத் தொங்கவிட்டேன். பூட்டைத் திறக்காமலே படிக்கலாம். காலை எட்டரை, மாலை ஐந்தரை, பார்த்து நோட்டில் எழுதுவேன். ஈரம் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையக்கூடாது.

மகளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. அதை நான் மறைக்கவில்லை.

"அப்பா, ஜன்னலைக் கொஞ்சம் திறங்கப்பா. மூச்சு முட்டுது."

"செடிக்கு ஆகாதும்மா."

"எனக்கு மட்டும் ஆகுமா? பேசாம என்னையும் ஒரு தொட்டியில நட்டுடுங்க. அப்பவாவது நல்லா இருக்கேனான்னு பாப்பீங்க."

வாய் மட்டும் அவளுக்குக் குறையவே இல்லை.

நான் படாத பாடு பட்டேன் ஐயா. தட்டு நிறைய நீர், நாள் முழுக்க மெஷின். அப்படியும் இலைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. சுவரில் பூஞ்சைதான் கறுப்பாக, செழிப்பாக ஏறியது. அவள் இருமலும் கூடியது. இன்ஹேலரை இஷ்டத்துக்கு அடித்துக்கொள்கிறாள் என்று அதை வாங்கி, முன்னறையில் என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். கேட்டால் கொடுப்பேன்.

போன ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு, மகனுக்குப் பெண் கொடுக்க இருந்தவர்கள் வீடு பார்க்க வந்தார்கள். நல்ல இடம். டீ குடித்துக்கொண்டிருந்தபோது பின்னறைக் கதவு தட்டப்பட்டது. முதலில் பலமாக.

"என்னங்க அது? உள்ள யாராவது இருக்காங்களா?" என்று பெண்ணின் அம்மா கேட்டார்.

"செடி ஒண்ணு இருக்கும்மா. அதுக்கு ஈரம் குடுக்கிற மெஷின் அப்பப்ப இப்படித்தான் தட்டும்."

"செடிக்கே இவ்வளவு கவனிப்புன்னா, எங்க பொண்ணு குடுத்து வச்சவதான்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. இழுப்பறை என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நிச்சயத்துக்கு நாள் பார்த்தோம். அவர்கள் மேலும் ஒரு மணி நேரம் இருந்தார்கள். தெருவரை போய் வழியனுப்பிவிட்டு வந்துதான் சாவியை எடுத்தேன். ஈரமானி எண்பத்தொன்று காட்டியது. எழுதிவிட்டுத் திறந்தேன்.

அந்தச் சத்தம் எதற்கென்று எனக்குத் தெரியும். அப்போதே திறந்து இன்ஹேலரைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். அதுவும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

அறையில் செடியே இல்லையே என்கிறீர்கள். இல்லைதான். அவள் வந்த ஆறாவது வாரமே அது முழுக்கப் பட்டுப்போய்விட்டது. நான்தான் தொட்டியோடு தூக்கிக் குப்பையில் போட்டேன். அதற்கப்புறம் நான்கு மாதம், ஒரு வேளைகூட விடாமல் அளவு எழுதியிருக்கிறேன். நோட்டைப் பாருங்கள். எடுத்த வேலையைப் பாதியில் விடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.