தாழ்ப்பாள் மேல் வைத்த கை

— அதுக்கு எங்கிட்ட எதுக்குண்ணா அனுமதி? போதகர் உங்களைத்தானே சாட்சி சொல்லச் சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கிழமை சபையில மேடை ஏறிச் சொல்லிட்டு இறங்க வேண்டியதுதானே.

— நீ முன்வரிசையில உக்காந்திருப்பியேம்மா. உன் முகத்தைப் பாத்துக்கிட்டு, ஐஸ் கம்பெனியில அமோனியா வாயு கசிஞ்ச அன்னிக்குக் கர்த்தர் என்னைக் காப்பாத்தினாருன்னு எந்த வாயால சொல்லுவேன்?

— பின்வரிசைக்குப் போயிடுறேன். போகட்டும், அந்த நாற்காலியில இருக்கிற துணியைத் தள்ளிட்டு உக்காருங்க. இந்தச் சட்டைக்குக் காலர் வெச்சிட்டா இன்னிக்கு வேலை முடிஞ்சுது.

— மிஷினைக் கொஞ்சம் நிறுத்தேன், தங்கச்சி.

— அது பாட்டுக்கு ஓடட்டும். சொல்லுங்க, காது கேக்குது.

— பதினோரு மாசமா எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. தேவ இரக்கம், அவரோட கிருபை, உன்னைப் பிழைக்க வெச்சதுல ஏதோ நோக்கம் இருக்குன்னு. கேக்கும்போதெல்லாம் உன் வீட்டுக்காரர் கண்ணு முன்னாடி வந்து நிக்கிறாரு. அப்ப அவருக்கு மட்டும் அந்த இரக்கம் இல்லையான்னு கேக்கத் தோணும். கேக்க மாட்டேன்.

— நான் கேட்டேன், போதகர்கிட்டயே. இரட்சிப்புங்கிறது உடம்பு பிழைக்கிறது இல்லம்மான்னாரு. எனக்கு அந்த உடம்புதான் ஐயா வேணும், அந்தக் கட்டில்ல படுத்துக் குறட்டை விட்ட உடம்புன்னேன்.

— அன்னிக்கு நடந்ததை நான் யாருக்கும் முழுசாச் சொல்லலம்மா.

— விசாரணையில சொன்னீங்களே. நீங்களும் என் வீட்டுக்காரரும் கம்ப்ரசர் ரூம்ல இருந்தீங்க, குழாய் வெடிச்சுது. அவரு உங்களை வெளியே தள்ளிவிட்டுட்டு வால்வை மூட நின்னாரு. கதவு வரைக்கும் வர முடியலை.

— வந்தாரு.

— என்ன சொன்னீங்க?

— வந்தாரும்மா. நான் வெளியே விழுந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டேன். வாயு பின்னாடியே வந்துடும்னு பயம். கண்ணு எரியுது, மூச்சு முட்டுது. அப்பத்தான் உள்ளேருந்து தட்டினாரு. மூணு தடவை. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. தாழ்ப்பாள் மேல கையை வெச்சேன். வெச்சது நிஜம். இழுக்கலை. ஓடிட்டேன். தீயணைப்புக்காரங்க வந்து திறக்கக் கால் மணி நேரம் ஆச்சு.

— நூல் அறுந்துபோச்சு. இருங்க.

— ஏதாவது சொல்லேன், தங்கச்சி. வாய்க்கு வந்தபடி திட்டேன்.

— ஊசியில நுழைய மாட்டேங்குது. நீங்க கோத்துக் குடுங்களேன்.

— இந்தக் கையாலயா, தங்கச்சி?

— அப்ப விடுங்க.

— போதகர்கிட்ட சொல்லிடலாம்னு ரெண்டு தடவை அவரு வீட்டுப் படி ஏறினேன். கடவுள் மன்னிச்சுட்டாரு, எழுந்திருன்னு சொல்லிடுவாரு. தட்டினவர் உள்ளே நிக்க, கடவுள் எப்படிம்மா வெளியே நின்னு என்னை மன்னிக்கிறது? உன் வீட்டுக்காரர்கிட்டயே கேக்கலாம்னுதான் அவரு உசிரோட கிடந்த அந்த மூணு நாளும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். தொண்டை வெந்துபோச்சு, பேச்சில்லைன்னு நர்சம்மா சொன்னாங்க. கேட்டதும் எனக்கு, சொல்லக் கூடாது, ஒரு நிம்மதி வந்துச்சு. அந்த நிம்மதி ஒண்ணுக்கே எனக்கு நரகம்தான்.

— பேச்சுதான் இல்லை.

— என்னம்மா?

— கண்ணும் தெரியலை. விரல் மட்டும் அசைஞ்சுது. என் உள்ளங்கையை இழுத்து ஒவ்வொரு எழுத்தா எழுதுவாரு. தண்ணின்னு எழுதினாரு. பொண்ணு சாப்பிட்டாளான்னு எழுதினாரு. ரெண்டாம் நாள் கதவுன்னு எழுதினாரு.

— அப்ப உனக்குத் தெரியும்.

— அன்னியிலேருந்து தெரியும்.

— தெரிஞ்சுமா விசாரணையில வாயைத் திறக்கலை? சபையில பாக்கும்போதெல்லாம் உடம்பு எப்படியிருக்குன்னு கேட்டியே, ஏம்மா?

— என்னை நல்லவள்னு நினைச்சிடாதீங்க. நீங்க வாரத்துக்கு வாரம் இளைச்சுக்கிட்டே வர்றதைப் பாத்துக்கிட்டிருந்தேன். திருவிருந்துல அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லாரும் எழுந்து போகும்போது நீங்க மட்டும் உக்காந்தே இருப்பீங்க. அதைப் பாத்தா எனக்கு ஆறுதலா இருந்துச்சு.

— அது எனக்குத் தகும், தங்கச்சி. உன்மேல ஒரு தப்பும் இல்லை.

— முழுசாக் கேளுங்க. கதவுன்னு எழுதினதோட அவரு நிறுத்தலை. "பயந்துட்டான். எனக்கு வருத்தமில்லை. அவன்கிட்ட சொல்லு." இதை எழுதி முடிக்க அவருக்கு ஒரு மத்தியானம் ஆச்சு. நான் தலையாட்டினேன், கண்ணு தெரியாத மனுஷனுக்கு. அப்புறம் உங்ககிட்ட சொல்லணும்னு கையை அழுத்திச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு. அந்த வார்த்தையைத்தான் பதினோரு மாசமா உங்களுக்குக் குடுக்காம வெச்சிருந்தேன். இப்பவும் மனசு குடுக்கலை, வாய்தான் சொல்லிடுச்சு. உங்களையாவது அவரு மன்னிச்சுட்டுப் போயிட்டாரு. நான் யார்கிட்டண்ணா போய் மன்னிப்புக் கேக்கிறது?