வைஃபை டப்பா யாரிடம் இருக்க வேண்டும்

“சிக்னல் வருது. சம்சாரம் இன்னும் வண்டியிலதான் கீறா.”

வடபழனியிலிருந்து மயிலாப்பூர் போகும் பேருந்தில், பின்படி நெரிசலில் கைபேசியைப் பார்த்தபடி ஒரு பெரியவர் சொன்னார்.

“இன்னா மாமா சொல்ற?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“வைஃபை டப்பா அவ பையில கீது நைனா. முன்னாடி நிக்கிறா. சிக்னல் போச்சுன்னா இறங்கிட்டான்னு அர்த்தம்.”

ஆழ்வார்பேட்டையில் சிக்னல் போனது. பெரியவர் குதித்து இறங்கிவிட்டார்.

ஜன்னல் வழியே அதைப் பார்த்த ஓர் அம்மாள் முன்னாலிருந்து அலறினாள். “வண்டிய நிறுத்துப்பா! சார்ஜ் போவுதேன்னு டப்பாவ அணைச்சேன், அந்தாளு இறங்கிட்டாரு!”

மூச்சிரைக்க மறுபடி ஏறியவரை நோக்கி, பயணிகளின் தலைக்கு மேலே கைமாறிக் கைமாறி டப்பா வந்தது. கூடவே அவள் குரலும்.

“இந்தாய்யா, நீயே வெச்சுக்க. நீ வண்டியில கீறியான்னு இனிமே நான் பாத்துக்கறேன்.”