கவுந்து கெடக்குற சட்டி

ஏத்தா, ஏத்தா! அந்தச் சட்டிய நிமித்தாத, கைய எடு! வெளியூருன்னா கேட்டுட்டுல்ல தொடணும்? வா, இப்படி வந்து உக்காரு. கஞ்சி கொதிக்க இன்னும் நேரம் கெடக்கு. அதுக்குள்ள சொல்லிப்புடுறேன்.

இந்தக் கரிசக்காட்டுல தார் ரோடும் கெடையாது, கரண்டும் கெடையாது, அப்படி ஒரு காலமாம். இதே ஊருல இருளாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் இல்ல. மாடத்தின்னு ஒரே மக. நம்ம செல்லியாத்தா கோயிலுக்கு முளைப்பாரி போடுறவ இருளாயிதானாம். இருட்டு வீட்டுக்குள்ள சட்டியில எருவப் போட்டு, தானியத்தப் பாவி, தண்ணி தெளிச்சு வளக்கணும்ல? அந்த வீட்டுக்குள்ள ஆம்பளை காலு வைக்கக் கூடாது. இத ஞாபகம் வச்சுக்கோ.

வந்துச்சாம் பாரு பஞ்சம். வானம் பாத்து வானம் பாத்து கண்ணு பூத்துப் போச்சாம். கரிசல் மண்ணு காஞ்சா எப்படி வெடிக்கும்னு தெரியும்ல, காலு உள்ள போயிரும். அப்படி வெடிச்சுக் கெடந்துச்சாம். ஊருக்கு ஒத்தக் கெணறு, வீட்டுக்கு ஒரு கொடம் தண்ணி. அந்த நேரம் பாத்து, பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த மாடத்தி பிள்ளை பெத்துட்டா. பெத்தவ வயித்துக்குக் கஞ்சி இல்ல. பிள்ளைக்குப் பால் இல்ல.

இருளாயி ஓடுனாளாம் பெரிய வீட்டுக்கு. சங்கிலிமுத்துன்னு பேரு அவனுக்கு, ஊருக்கே பெரிய ஆளு.

"ஐயா, ஒரு ஒழக்குக் கம்பு குடுங்கய்யா. எம்மக எந்திரிச்சிருவா. ஆயுசுக்கும் ஒங்க காட்டுல களை எடுக்குறேன்."

"இருந்தாக் குடுக்க மாட்டேனா தாயி? நானே பட்டினி."

"அப்படிச் சொல்லாதீகய்யா…"

"நம்பலையா? வா கோயிலுக்கு!"

ஊரு பாக்க, செல்லியாத்தா முன்னால சூடத்தப் பொருத்தி, உள்ளங்கையால அடிச்சு அணைச்சானாம். "செல்லியாத்தா மேல சத்தியமா, என் வீட்டுல ஒரு மணி இல்ல!"

சூடத்த அணைச்ச பெறகு யாரு பேசுறது? இருளாயி கையெடுத்துக் கும்பிட்டு வந்துட்டா. மாடத்தி செத்துப் போனா. செத்தவ பக்கத்துல பிள்ளை கத்திக்கிட்டுக் கெடந்துச்சாம். நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது. பால் இருந்த ஒரு மகராசி எடுத்து ஊட்டுனதால பிள்ளை பொழச்சுது. அந்தப் பிள்ளை வழியில வந்தவதான் நான்.

மகளப் பொதைச்சிட்டு வரும்போது இருளாயி பெரிய வீட்டுக் கொல்லையப் பாத்தாளாம். கட்டுத்தறியில மாடு எலும்பும் தோலுமா நிக்குது. நின்னுக்கிட்டே சாகுது. பக்கத்துல, மாட்டுக்குப் போடுற சோளத்தட்டைய அடுக்குன படப்பு மலையாட்டம் கெடக்கு. ஒரு தட்டை உருவலையாம்! மாடு செத்தாலும் படப்பு பிரியக் கூடாதுன்னா, படப்புக்கு அடியில என்னடா இருக்கு?

அப்பல்லாம் தானியத்தக் குழி வெட்டிப் பொதைச்சு, மேல களிமண்ணு பூசி மூடி வைப்பாக. இருளாயிக்குப் புரிஞ்சு போச்சு. ஆனா யாருகிட்டச் சொல்ல? சூடம் அணைச்சவன் பேச்சா, இவ பேச்சா? வாயவே தெறக்கல அவ. அழவும் இல்லையாம்.

படப்புக்கு ஒட்டுனாப்புல ஒரு வேப்பமரம். இந்தா, இந்த மரம்தான். மறுநாளு தன் பங்குத் தண்ணியக் கொண்டாந்து மரத்தடியில ஊத்துனாளாம். நாக்க நனைக்க ஒரு மடக்கு, மிச்சமெல்லாம் மரத்துக்கு. "மழை வேணும்னு ஆத்தாவுக்கு நேந்திருக்கேன்"னாளாம். தண்ணி மண்ணுல நிக்கல. வெடிப்புக்குள்ள கடகடன்னு எறங்குச்சாம்.

மகளப் பறிகுடுத்தவ ஊருக்காக ஊத்துறாளேன்னு மத்த பொம்பளைகளும் ஆளுக்கு ஒரு செம்பு ஊத்துனாக. பாவம், அவளுகளுக்கு ஒண்ணும் தெரியாது. சங்கிலிமுத்து தடுக்க முடியுமா? மழைக்கு ஊத்துற தண்ணிய வேணாம்னா ஊரு என்ன கேக்கும்? அவனுக்கும் பக்திக்குக் கொறைச்சல் இல்ல, பொய்யிதான் கூடுதல். தன் வீட்டுல இருந்தே ஒரு கொடம் குடுத்து விட்டானாம்! இருளாயி அதையும் வாங்கி ஊத்துனா.

ஒரு நாளு விடியக்காலையில படப்பு ஒரு பக்கமா சாஞ்சு கெடந்துச்சாம். பொம்பளைக தண்ணியோட வந்தவளுக அப்படியே நின்னுட்டாளுக. என்னமோ வாசம். "அடியே, இது முளைப்பாரி வீட்டு வாசமுல்ல!" முளைப்பாரி வீட்டுக்குள்ள போனவளுக்குத்தான் அந்த வாசம் தெரியும். ஆம்பளை சங்கிலிமுத்துவுக்கு எங்கிட்டுத் தெரியும்? தானியம் ஊறி, உப்பி, களிமண்ணு மூடிய ஒடைச்சுக்கிட்டு, தட்டைக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா தலைய நீட்டிருச்சு முளை.

"ஐயோ ஆத்தா!"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாகளாம். படப்பப் பிரிச்சா, ஓரமெல்லாம் முளைச்சுக் கெடக்கு. நடுவுல கம்பு, ஊரு முழுக்கத் திங்கிற கம்பு, அப்படியே கெடக்கு. ஆம்பளைக அருவாளத் தூக்கிட்டாக.

இருளாயி குறுக்க விழுந்து மறிச்சாளாம். "வெட்டாதீக. வெட்டுனா ஒடனே செத்துருவான். எம்மக ஒடனே சாகல."

இங்கனயே அடுப்பக் கூட்டி, முளைச்சது முளைக்காதது எல்லாத்தையும் காச்சுனாக. இருளாயிதான் ஊத்துனா. ஊரே குடிச்சுது. சங்கிலிமுத்து பெஞ்சாதி பிள்ளைகளோட மூலையில ஒதுங்கி நின்னாளாம். "நீ வா தாயி, நீயா சூடம் அணைச்ச?"ன்னு கூப்பிட்டு அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ஊத்துனா.

கடைசியில பசி பொறுக்காம அவனும் சட்டியோட வந்தான். ஊரே பாத்துக்கிட்டு நிக்குது. இருளாயி சட்டிய வாங்குனா. வாங்கி, மண்ணுல கவுத்துனா.

"செல்லியாத்தா மேல சத்தியமா, என் பானையில ஒரு மணி இல்ல."

பானையில கஞ்சி கொதிக்குற சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சாம். அவ முகத்த அவன் பாத்தான், தலையக் கவுத்துக்கிட்டு ஊர விட்டே போனான். எங்க போனான், எங்க செத்தான், யாருக்கும் தெரியாது.

அன்னையில இருந்து முளைப்பாரி அன்னைக்கு இந்த மரத்தடியில கஞ்சி. யாரு வந்தாலும் உண்டு. ஒரே ஒரு சட்டி மட்டும் கவுந்து கெடக்கும். எங்க வீட்டுப் பொம்பளைதான் கவுத்தணும்.

போன வருசம் சங்கிலிமுத்து வம்சத்துப் பிள்ளை ஒருத்தரு காரு போட்டுக்கிட்டு வந்தாரு. நல்ல மனுசன். மரத்தடியில கும்பிட்டு, "அத்தை, எங்க தாத்தா பண்ணுனது தப்புத்தான். அந்தச் சட்டிய இனிமேலாச்சும் நிமித்திரலாமா?"ன்னு கேட்டாரு.

"உக்காருங்க தம்பி, வயிறாரக் கஞ்சி குடிங்க"ன்னேன். நான்தான் ஊத்துனேன். குடிச்சாரு. குடிச்சு முடிச்சதும் சொன்னேன்: "நிமித்த நான் யாரு? மாடத்தி எந்திரிச்சு வந்து சொல்லட்டும், நிமித்திருவோம்."