மூன்றாவது காரணம்

பட்டாபிராமில் ரயில் ஏறினால் அம்பத்தூருக்கு அரை மணிகூட ஆகாது சார். நின்றுகொண்டே போனாலும் அதற்குள் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடித்துவிடலாம். எதிரில் நிற்பவர் கேட்கிறவராக இருந்தால்.

கிஷோர் கேட்கிறவன் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குத் தெரிந்ததுதான். நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள் உதயகுமார் என்றீர்கள். வரிசையாகச் சொல்வது எனக்குப் பழக்கம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். ஒரு வால்வு ஏன் ஒழுகுகிறது என்று எழுதும்போது நடுவிலிருந்து ஆரம்பிக்க முடியாது. அதனால் பூச்சி கேமிலிருந்து ஆரம்பிக்கிறேன். சம்பந்தம் இருக்கிறது.

நாங்கள் படிக்கும்போது அம்பத்தூரில் சினிமா தியேட்டருக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அதில் ஒரு மெஷின். திரையின் மேலிருந்து பூச்சிகள் வரிசைகட்டி இறங்கும், கீழே நம் கப்பல் இடமும் வலமும் ஓடிச் சுடும். பெயர் ஜப்பான் எழுத்தில் இருந்ததால் யாருக்கும் படிக்கத் தெரியாது. பூச்சி கேம் என்போம். கடை மூடி வெகுகாலம் கழித்து, திருமழிசைப் பக்கம் ஒரு காயலான் கடையில் அதே மாதிரி மெஷின் ஒன்று கிடக்கிறது என்று கிஷோர் போய் வாங்கி வந்தான். அவன் மனை விற்கிற கம்பெனியில் வேலை செய்கிறவன். எதையும் பேசி வாங்கிவிடுவான். வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போட்ட அறை ஒன்று உண்டு, அங்கே வைத்தான். நான் அதன் ஒயரையெல்லாம் மாற்றி ஓடவிட்டேன்.

சனிக்கிழமைகளில் அங்கே கூடுவோம். நான், கிஷோர், ஜஸ்டின். ஜஸ்டின் எங்கள் பழைய வகுப்புத் தோழன். அவன் போனில் படம் பிடித்து யூடியூபில் போடுவான். பழைய விளையாட்டுகளைப் பற்றிய பேச்சு. பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அக்கறையாகப் பார்ப்பார்கள்.

சண்டை என்று சொல்ல மாட்டேன், விவாதம். பூச்சி கேம் ஏன் இத்தனை காலம் கழித்தும் பிரமாதமாக இருக்கிறது? கிஷோருக்கு ஒரே பதில்தான். "அதோட கெத்தே நேர்மைதான் மச்சான். நீ செத்தா அது உன் தப்பு. மெஷினு ஏமாத்தாது." சொல்லிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரிப்பான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது பதிலே இல்லை. நேர்மையான விளையாட்டு ஆயிரம் இருக்கிறது. தாயக்கட்டை நேர்மையானதுதானே.

என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று நிற்பவை. முதலாவதைச் சொல்லாமல் மூன்றாவதைச் சொன்னால் புரியாது. வாரா வாரம் முதலாவதைத் தொடங்குவேன். பாதியில் கிஷோர் உள்ளே வந்துவிடுவான். ஒரு ஜோக், ஒரு பழைய கதை, "அத்த உடு மச்சான்." கேமரா அவன் பக்கம் திரும்பிவிடும். ஒரு வருஷமாக இரண்டாவது காரணத்துக்குக்கூட நான் வந்ததில்லை.

போன பொங்கலுக்கு முந்தி ஒருமுறை, முதல் காரணத்தை, கப்பல் சுடுகிற அந்த ஒரே குண்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கிஷோர் என் தோளில் கை போட்டு, "இவன் ஒரு குண்டு போடறதுக்குள்ள அந்தப் பூச்சிக்குக் கண்ணாலம் ஆயி, கொயந்த பொறந்து, அது ஸ்கூலுக்குப் போயிடும்டா" என்றான். ஜஸ்டின் சிரித்ததில் படமே ஆடியது. அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தனியாகப் போட்டார்கள். அதை எக்கச்சக்கமான பேர் பார்த்தார்கள். எங்கள் கேன்டீனில் பயிற்சிக்கு வந்த பையன்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்கள். நான் தட்டோடு பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் சத்தத்தைக் குறைத்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் துண்டில் என் வாக்கியம் முடியவில்லையே என்றுதான் இருந்தது. அவ்வளவு பேர் பார்த்து, ஒருவருக்கும் நான் என்ன சொல்ல வந்தேன் என்று தெரியாது.

கிஷோருக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவன். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். முதலில் வியர்க்கும், கை நடுங்கும், பிறகு பேச்சு குழறும். ஒருமுறை ஆவடி பிளாட்பாரத்தில் அப்படி ஆகி, நான்தான் கடைக்கு ஓடிப் பாட்டில் ஜூஸ் வாங்கிவந்து வாயில் ஊற்றினேன். அதிலிருந்து அவன் மனைவி ஜோதிகாவுக்கு என் மேல் பெரிய நம்பிக்கை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஜஸ்டின் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். ஜோதிகா மாங்காடு கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். படியில் என்னைப் பார்த்ததும், "அண்ணா, சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல கீது. இவரு பேசிக்கினே இருப்பாரு. பாத்து சாப்பிட வைங்க" என்றாள். சரிம்மா என்றேன்.

மேலே போனபோது கிஷோர் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தான். முதலில் சாப்பிடு என்று நான்தான் சொன்னேன். அவன்தான் கேட்கவில்லை.

"இன்னிக்குக் கேமரா இல்ல, ஜஸ்டின் இல்ல. அந்த மூணு மேட்டரையும் சொல்லிடு மச்சான். முழுசா கேக்குறேன். அப்பால சாப்டலாம்."

வாயைத் திறக்க மாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தான். அந்தச் சமயம் எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவனாக என்னைச் சொல்லச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முதல் காரணத்தைச் சொன்னேன். அந்த விளையாட்டில் ஒரு நேரத்தில் ஒரு குண்டுதான். குறி தவறினால் அது மேலே போய் மறைகிறவரை அடுத்தது வராது. பூச்சிகள் இறங்கிக்கொண்டே இருக்கும், நாம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சுடுகிற விளையாட்டு என்கிறார்கள். உண்மையில் அது காத்திருக்கிற விளையாட்டு. கிஷோர் தலையை ஆட்டினான். நெற்றியில் வியர்வை இருந்தது. மே மாதம், ஷீட் கூரை, யாருக்கும் வியர்க்கும் என்று விட்டேன். இல்லை, அப்படி விடவில்லை. பார்த்தேன். கையும் நடுங்கியது.

இரண்டாவதைத் தொடங்கினேன். பூச்சிகள் குறையக் குறைய மிச்சமுள்ளவை வேகமாகும். அதாவது நாம் நன்றாக ஆடுவதே நமக்கு எதிராகத் திரும்பும். அங்கே கிஷோர் குறுக்கே வந்தான்.

"ஒரு நிமிசம் மச்சான். அந்த ஜூஸ எடு."

மெஷினுக்கு மேலே மாம்பழ ஜூஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் இருக்கும். ஜோதிகாதான் வைப்பாள். என் கைக்கு எட்டுகிற தூரம். எடுத்தேன். இந்தக் காரணத்தை முடித்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.

"சரிடா. நீ சொல்றதுதான் கரெக்டு. குடு."

எனக்கு அதுதான் தாங்கவில்லை சார். அவன் மறுத்திருந்தால் ஒன்றுமில்லை. ஒரு வருஷம் மறுத்தவன், ஒரு ஜூஸ் பாக்கெட்டுக்காக ஒத்துக்கொள்கிறான். கேட்காமலே ஒத்துக்கொள்வது மறுப்பதைவிட மோசம். நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல் பார்க்கலாம் என்றேன். அவன் என்னைப் பார்த்தான். "பூச்சி..." என்றான். அப்புறம் ஒன்றும் வரவில்லை.

ஆக, முதலாவதும் அவன் காதில் ஏறவில்லை. மறுபடியும் முதலாவதிலிருந்து ஆரம்பித்தேன்.

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். நான் தள்ளவில்லை. தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். அவ்வளவு பலம் தேவைப்படவும் இல்லை. "உதயா, வேணாண்டா" என்றான். அதையும் குழறித்தான் சொன்னான். கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தான், பிறகு படுத்துவிட்டான். தலை இடிக்காமல் கீழே தலையணை வைத்தேன். கண் பாதி திறந்திருந்தது. மூன்றாவது காரணத்தை அப்போதுதான் சொன்னேன். முதன்முறையாக, இடையில் ஒரு வார்த்தை குறுக்கே வராமல், நான் நினைத்திருந்த அதே வார்த்தைகளில். நன்றாக வந்தது. இவ்வளவு பேசினால் தொண்டை வறண்டுவிடும் இல்லையா? ஜூஸை நான் குடித்தேன்.

அவன் போன் அடித்தது. ஜோதிகா. எடுக்காவிட்டால் பயந்துவிடுவாளே என்று எடுத்தேன்.

"அண்ணா, சாப்டாரா?"

"சாப்ட்டான்மா. தூங்குறான்."

"அப்ப சரி. கூட்டமா கீது, மெதுவா தரிசனம் பாத்துட்டு வர்றேன்."

மெதுவாகவே வாம்மா என்றேன்.

அதன் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டீர்கள். விளையாடினேன். கிஷோர் குறட்டைபோல மூச்சு விட்டுக்கொண்டிருந்தான், அந்தச் சத்தம் மெஷின் சத்தத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை. நடுவில் கை கால் இழுத்தது, பிறகு நின்றுவிட்டது. அன்று போல் நான் என்றும் ஆடியதில்லை. பூச்சிகள் எங்கே இறங்கும் என்று முன்னாலேயே தெரிந்தது. வெயில் சாய்ந்து, கீழே தெருவில் ஜோதிகாவின் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டபோதுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். டீ குடிக்கப் போயிருந்தேன், வந்து பார்த்தால் இப்படிக் கிடக்கிறான் என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜோதிகா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க மட்டும் இல்லன்னா இன்னா ஆயிருக்கும் அண்ணா" என்றாள்.

உயிர் பிழைத்தான். மூளைக்குச் சர்க்கரை வெகுநேரம் போகவில்லை என்றார் டாக்டர். நடக்க முடியாது, பேச முடியாது, ஆள் தெரிகிறதா என்று சொல்ல முடியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து முன் அறையில் கட்டில் போட்டார்கள். ஜஸ்டின் இரண்டு முறை வந்தான், பார்க்க முடியவில்லை என்று வருவதை நிறுத்திவிட்டான். நான் மட்டும் ஞாயிறுதோறும் போனேன். ஜோதிகா சமையலறையில் இருப்பாள், நான் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு அவனோடு பேசுவேன். எதைப் பற்றி என்று உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷ நட்பில் அவை நல்ல ஞாயிற்றுக்கிழமைகள்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருகிறாள். அவள் புண்ணியத்தில் போன மாதம் கிஷோருக்கு ஒரு வார்த்தை திரும்பி வந்தது. "இல்ல." அந்த ஒன்றுதான். ஜோதிகா எனக்குப் போன் செய்து சந்தோஷத்தில் கத்தினாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட்டோடு போனேன். நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து தொடங்கிவிட்டான். இல்ல, இல்ல, இல்ல. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் நகரப் பார்த்தான். வேட்டி நனைந்துவிட்டது. அடுத்த வாரமும் அப்படியே. என் குரல் கேட்டால் போதும்.

நேற்று ஜோதிகா என்னை உட்காரவைத்துக் கேட்டாள். "மத்தவங்க யாரு வந்தாலும் சும்மாதான் கீறாரு. நீங்க வந்தா மட்டும் ஏன் அண்ணா இப்படிப் பண்றாரு?"

அவள் நேராகக் கேட்டாள், நான் நேராகச் சொன்னேன். உங்களிடம் சொன்ன இதே வரிசையில். ஜூஸ் விஷயம் வந்தபோது கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். போனில் அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் வந்தபோது எழுந்து, கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். "வெளிய போங்க" என்றாள். மூன்றாவது காரணத்தை அவளுக்கு நான் சொல்லவே இல்லை. இங்கேயும் பாருங்கள், அதற்கு வரும்போதெல்லாம் நீங்கள் கையைக் காட்டி நிறுத்துகிறீர்கள்.

சரி, வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஜூஸ் என் கையில் இருந்தது, கொடுக்கவில்லை. எழுந்தவனை உட்காரவைத்தேன். சாப்பிட்டான் என்று பொய் சொன்னேன். ஆம்புலன்சை வேண்டுமென்றே தாமதமாகக் கூப்பிட்டேன். அவன் இப்படிக் கிடப்பதற்கு நான்தான் காரணம். எங்கே கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் ஜோதிகாவிடம் சொல்லுங்கள். அவள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். கிஷோர் என்னைப் பார்த்துப் பயந்து நடுங்குகிறான் என்கிறாள். எனக்கு அவனைச் சின்ன வயதிலிருந்து தெரியும் சார். அவன் பயப்படுகிறவன் இல்லை. இன்னும் என்னோடு வாதம் பண்ணிக்கொண்டிருக்கிறான்.