ஒரு ஸ்பிரிங் குறைவாக

புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: பாயா, மெஷினா? நான் பிலாட்டீஸ் என்கிற உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது ஐயா. உண்மையான பதில் பாய்தான். இரண்டு மாதம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் பிறகு வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதில் உள்ள கோளாறும் அதுதான், வீட்டிலேயே செய்துகொள்வார்கள்.

மெஷின் அப்படியில்லை. ரிஃபார்மர் என்பார்கள். கட்டில் மாதிரி இருக்கும், நடுவில் ஸ்பிரிங் பிடித்திழுக்கும் பலகை, காலை மாட்ட இரண்டு பட்டை. ஆளுக்குத் தகுந்தபடி ஸ்பிரிங் மாட்ட நான் வேண்டும்.

பார்லர் அக்கா இடுப்பு வலியோடு வந்தார். நாள் முழுக்க நின்றே முடி வெட்டுகிறவர். "நிக்க முடியலன்னா கடைய மூடணும் டீச்சர். எது நல்லது, நீங்களே சொல்லுங்க" என்றார். மெஷின் என்றேன். வந்ததும் வராததுமாக, "சாப்டீங்களா?" என்பார். என்னை அப்படிக் கேட்க வேறு ஆள் இல்லை. மூச்சை இழுங்க, விடுங்க என்பதைத் தவிர நான் யாரிடமும் வாய் திறப்பதும் இல்லை. அவர் வருகிற புதனும் சனியும்தான் எனக்கு நாள்.

ஆறாவது வாரம் வலி குறைந்துவிட்டது. புதுப் பாய் ஒன்றை வாங்கிவந்து காட்டினார். "இனிமே வீட்லயே பண்ணிக்கிறேன் டீச்சர். உங்க கைராசி." சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அன்று ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றினேன். "இன்னைக்கு லேசா வச்சிருக்கேன்க்கா" என்றேன். ஸ்பிரிங் குறைந்தால் சுலபம் என்று புதியவர்களுக்கு ஒரு நினைப்பு. பட்டைக்குள் காலை நுழைத்துத் தூக்கும்போது அதன் கனத்தைத் தாங்குவதே ஸ்பிரிங்தான். குறைத்தால் அவ்வளவும் இடுப்பில் இறங்கும். வலி திரும்பியது. பாய் பரணுக்குப் போனது. அடுத்த மாதம் மறுபடி பாய்ப் பேச்சை எடுத்தார். இன்னொன்றைக் கழற்றினேன். வலித்தபோதெல்லாம் நீவிவிட்டதும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை அவரால் பலகையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. வலது கால் மரத்துவிட்டது. இனி நின்று வேலை பார்ப்பதை மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். ஆஸ்பத்திரிக்குத் தினமும் போகிறேன். கட்டிலைச் சுற்றிப் புருஷன், இரண்டு மகள்கள், தங்கை, கடைக்கு வருகிற பெண்கள் என்று நிற்க இடம் இருக்காது. அவர்களை நகரச் சொல்லி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார்.

செய்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள். அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள் ஐயா. பாவம், என்னை விட்டால் அவருக்கு யாரும் இல்லை.