குழப்படிப் படங்களும் அம்பலவாணர் அண்ணையும்

தேத்தண்ணியை ஆறமுதல் குடியுங்கள் பிள்ளை. சீனி குறைத்துத்தான் போட்டேன். உங்கள் அப்பாவும் சீனி வேண்டாம் என்றுதான் சொல்லுவார். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக்கொள்வார். நானும் கண்டும் காணாதவன்மாதிரி இருந்துவிடுவேன்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அப்பா இருக்கிற பராமரிப்பு இல்லத்துக்குப் புதிதாக வந்த டொக்டர் அவரைத் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு, இவருக்கு மறதி நோய் இல்லை, பயம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். அப்படியானால் போன வருடம் அப்பாவுக்கு என்ன நடந்தது, கூடவே நின்றது நீங்கள்தானே தாசன் அங்கிள் என்கிறீர்கள். கூடவே நின்றது நான்தான். என்னைவிட ஒழுங்காக அதை வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

எங்கள் முதியோர் சங்கத்தை உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் மிச்சம் பகுதியில் இருக்கிற அந்தத் தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூடுவோம். கொஞ்சம் தேவாரம், கொஞ்சம் உடற்பயிற்சி, பிறகு வடை. வடை முடிந்தால் பாதிப் பேர் கதிரையிலேயே நித்திரை. மீதிப் பேர் பிரஷர் குளிசைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். படம் போடலாம் என்று சொன்னவன் நான். ஆனால் தமிழ்ப் படம் என்றால் எந்தப் படம் என்பதிலேயே அடிபிடி வந்துவிடும். அதனால்தான் சத்தமில்லாத படங்களைத் தேடினேன்.

அவை எனக்குப் பழக்கமானவை. பிரான்சில் இருந்த காலத்தில் பாஷையும் தெரியாது, பேச ஆளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னத் தியேட்டரில் தனியே போய் இருப்பேன். நூறு வருடத்துக்கு முந்திய குட்டிப் படங்கள், முழுக்க முழுக்கக் குழப்படிப் பிள்ளைகள். ஒரு குண்டுப் பெடியன், முகம் நிறையப் புள்ளி விழுந்த இன்னொருவன், தலையைவிடப் பெரிய ரிபன் கட்டிய ஒரு சிறுமி. யாருடையதோ குளியல் தொட்டிக்குத் தள்ளுவண்டிச் சில்லுப் பூட்டி மலையிலிருந்து உருட்டிவிடுவார்கள். பின்னாலே ஒரு பொலிஸ்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். நான் தனியே இருந்து சிரிப்பேன். இன்டர்நெட்டில் அவற்றைத் தேடி எடுத்து, கணினியில் இறக்கி, ப்ரொஜெக்டர் வாங்கி, எல்லாம் நானே செய்தேன்.

படத்தின் நடுவில் ஆங்கிலத்தில் எழுதிய அட்டைகள் வரும், அவர்கள் பேசுகிறதைச் சொல்ல. எங்கள் ஆட்களுக்கு அதை வாசிக்க ஏலாது. முதல் கிழமை நானே மைக்கைப் பிடித்துச் சுத்தமான தமிழில் மொழிபெயர்த்தேன். “ஐயகோ, நாம் அகப்பட்டுக்கொண்டோம்” என்று அட்டையில் இருந்ததை அப்படியே சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. செல்வமலர் அக்கா குறட்டை விட்டார்.

அப்போதுதான் உங்கள் அப்பா எழும்பி வந்தார். “தாசன், உந்த மைக்கை இஞ்சை தாரும் பாப்பம்” என்று வாங்கினார். குண்டுப் பெடியனுக்குச் சின்னராசா என்று பெயர் வைத்தார். ரிபன்காரி பரிமளம் ஆனாள். பொலிஸ்காரர், ஊரில் அதிகாரம் பண்ணுகிற விதானையார் ஆனார். தொட்டியோடு பிடிபட்ட சின்னராசா வாயைத் திறந்ததும் அப்பா சொன்னார்: “விதானையார், தொட்டி எங்கடை இல்லை. உள்ளுக்கை கிடக்கிற ஊத்தை மட்டும்தான் எங்கடை.”

மண்டபம் அதிர்ந்தது. செல்வமலர் அக்கா முழித்து, தான் எதைத் தவறவிட்டேன் என்று கேட்டு, திரும்பப் போடச் சொன்னார். அட்டையில் அப்படி ஒரு வரியே இல்லை பிள்ளை. நான் வாசித்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கதிரை காணாது. நகரத்தின் மறுகோடியில் இருக்கிற எட்மண்டனிலிருந்துகூட வான் பிடித்து வந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அப்பா கெட்டிக்காரர். திங்கட்கிழமை இங்கே வந்து, நீங்கள் இப்போது இருக்கிற இந்த சோபாவிலேயே இருந்து, அடுத்த நாள் படத்தை ஒருதரம் பார்ப்பார். எல்லாம் மனப்பாடம். செவ்வாய்க்கிழமை கைத்தடியை நீட்டி, “இப்ப பாருங்கோ, இந்தப் பக்கத்தாலை வருவான் சின்னராசா” என்பார். சின்னராசா வந்து விழுவான். பாதிச் சிரிப்பு அதிலேதான். சனம் அதை ‘அம்பலவாணர் அண்ணையின்ரை படம்’ என்று சொல்லத் தொடங்கியது. ஒருநாள் ஒருவர் என்னிடம் வந்து, ப்ரொஜெக்டர் போடுகிற தம்பி, அண்ணை இன்றைக்கு வருவாரோ என்று கேட்டார்.

எனக்குப் பொறாமை என்பது கிடையாது. சங்கத்தில் யாரையும் கேட்டுப் பாருங்கள். இல்லாத வசனத்தைச் சொல்லுவது சரியில்லை என்பது மட்டும்தான் என் நிலைப்பாடு.

அதனால் ஒரு சின்னக் குழப்படி செய்தேன். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் இடம் வலமாகத் திரும்பிவிடும். எழுத்தும் திரும்பிவிடும் என்பதால் அட்டைகளை மட்டும் நேரே வைக்கவேண்டியிருந்தது. அதற்குத்தான் கொஞ்சம் மெனக்கெட்டேன். திங்கட்கிழமை பழையபடி காட்டினேன். செவ்வாய்க்கிழமை அவர் தடியை இடப்பக்கம் நீட்ட, சின்னராசா வலப்பக்கத்தால் வந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு தடியைப் பார்த்தார்.

“பரவாயில்லை அண்ணை, வயசு தானே” என்று நான் சொன்னேன்.

அதோடு விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்தப் படங்களில் பிள்ளைகள் ஒரு சாக்கு மாவை விதானையாரின் தலையில் கொட்டினால், அவர் தட்டிவிட்டு எழும்பி ஓடுகிறார். ஒருவருக்கும் காயமில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த கிழமை ஒரு படத்தில் நாய் வருகிற இடத்தை வெட்டிவிட்டேன். நாய் வரப்போகுது என்று அவர் சனத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். படம் முடிந்தது.

“தாசன், அந்த நாய்?”

“எந்த நாய் அண்ணை?”

“நேற்று பாத்தனாங்கள் தானே?”

“இதிலை நாயே இல்லையே அண்ணை.”

அவர் என்னோடு வாதாடவில்லை. நல்ல பண்பான மனிதர். நான் பொய் சொல்லக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அவர் போன் எடுக்கத் தொடங்கினார். “தாசன், நான் நேற்று உம்மடை வீட்டை வந்தனானோ?” என்று கேட்பார். வந்திருப்பார், பிஸ்கட்டும் சாப்பிட்டிருப்பார். “வரேல்லையே அண்ணை” என்பேன். இது படத்தோடு சம்பந்தமில்லாத விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குப் பொருத்தமாக மற்றதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

மைக்கை நான் பறிக்கவில்லை. அவரே கொண்டுவந்து தந்தார். “நீர் சொல்லும் தாசன். எனக்கு இனி ஏலாது” என்றார். எனக்கு உண்மையிலேயே மனம் தாங்கவில்லை. அன்றைக்கு நானே அவரை ட்ராமில் கூட்டிக்கொண்டுபோய் வீட்டு வாசல்வரை விட்டேன். வழி முழுக்க என் கோட்டுக் கையைப் பிடித்தபடி வந்தார். என்னை அப்படி நம்பிப் பிடித்தவர் இந்த நாட்டில் வேறு ஒருவரும் இல்லை பிள்ளை. எனக்கு அது பிடித்திருந்தது.

உங்களுக்கு நான் போன் எடுத்தது அதற்குப் பிறகுதான். நீங்கள் ஷிப்டில் நின்றீர்கள். அழுதீர்கள். அங்கிள், நீங்கள் பக்கத்தில் இருப்பது எங்கள் புண்ணியம் என்றீர்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மறதியைச் சோதிக்கிற கிளினிக்கில் மொழிபெயர்ப்பாளர் ஒழுங்குசெய்திருந்தார்கள். வேண்டாம், தாசன் போதும் என்று அப்பாதான் பிடிவாதமாக நின்றார். இது என்ன மாதம் என்று கேட்டார்கள். “மாசி தானே, தாசன்?” என்று என்னைப் பார்த்தார். பெப்ரவரிதான், சரியான பதில். நான் ஒன்றும் சொல்லவில்லை. புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தினேன், அவ்வளவுதான். “இல்லை, இல்லை… எனக்குத் தெரியேல்லை” என்றார். தெரியவில்லையாம் என்று சொன்னேன். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பிறகு ஒரு மணிக்கூடு கீறச் சொன்னார்கள். வட்டத்தை அழகாகக் கீறினார். பன்னிரண்டை மேலே போட்டார். அதற்குப் பிறகு பென்சிலோடு மெல்ல என் பக்கம் சாய்ந்து கேட்டார்: “மூண்டு எந்தப் பக்கம் தாசன்? நான் ஒரு பக்கம் சொன்னால் அது மற்றப் பக்கத்தாலை வருகுது.”

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. டொக்டருக்கு விளங்கியிருக்காது.

அடுப்பை மறந்துவிடுவேனோ, கதவைத் திறந்துவிட்டுப் போவேனோ என்று அவரே பயந்து வீட்டுத் திறப்பை உங்கள் கையில் தந்தார். நீங்கள் அவரைக் குட்மேய்ஸில் உங்கள் வீட்டுக்குக் கிட்ட அந்த இல்லத்தில் விட்டீர்கள். நீங்கள் செய்தது பிழையில்லை. எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். நான் ஒவ்வொரு கிழமையும் போகிறேன், முறுக்கும் கொண்டுபோகிறேன். “நான் சாப்பிட்டனானோ?” என்று அங்கிருக்கிற நர்ஸ்மாரை அவர் கேட்கமாட்டார். நான் வரும்வரை இருந்து என்னைத்தான் கேட்பார்.

சங்கத்தில் படம் இன்னும் ஓடுகிறது. இப்போது வசனங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. சனம் கொஞ்சம் குறைவுதான், குளிர் காலம். ஆனால் நான் மொழிபெயர்க்கும்போது மண்டபம் நல்ல அமைதியாக இருக்கும், அவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள். செல்வமலர் அக்காதான் போன கிழமை நடுவில் எழும்பி, “அம்பலவாணர் அண்ணை எப்ப வருவர்?” என்று கேட்டார். சுகமில்லை என்றேன்.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். நோய் எதுவும் இருக்கவில்லை. நான்தான் செய்தேன், ஆரம்பத்திலிருந்து கடைசிவரைக்கும். நீங்கள் இப்படி என்னைப் பார்க்கவேண்டியதில்லை. ஒளிக்க நினைத்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

நீங்கள் வந்து இருந்தவுடன் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மிச்சத்தில் அப்பா இருந்த வீட்டை நீங்கள் இன்னும் விடவில்லை. அப்பா விரும்பினால் நாளைக்கே திரும்பிப் போகலாம். வீட்டுக்குப் போக விருப்பமா என்று அந்த டொக்டர் கேட்டபோது, அவர் “தாசனைக் கேட்டுச் சொல்லுறன்” என்றாராம். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.

நான் யோசித்துவிட்டேன். அவர் அங்கேயே இருக்கட்டும். அவ்வளவு மறதி உள்ள மனிதரைத் தனியே விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.